புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் கொச்சியில் ஒரு நாள்

எறணாகுளத்தில் தங்கிக்கொண்டு, அதிகம் நடக்க முடியாத அம்மாவுக்குக் கொச்சிக் கோட்டை (ஃபோர்ட் கொச்சி) பகுதியையும் மட்டாஞ்சேரியையும் ஒரே நாளில் நிதானமாகக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. முடிந்தது.

பலர் வாடகைக் கார் எடுக்கச் சொன்னீர்கள். கைகொடுத்தது வாட்டர் மெட்ரோ என்னும் நகரப் படகுச் சேவையில் போகச் சொன்ன நண்பரின் யோசனைதான். எறணாகுளத்தின் உயர் நீதிமன்றப் படகுத்துறையில் மேடையே தண்ணீரில் மிதப்பதால், அது படகின் தளத்தோடு சமமாக நிற்கிறது. எனவே அம்மா என் கையைப் பிடிக்காமலேயே ஏறிவிட்டார். சுமார் இருபது நிமிடத்தில் கொச்சிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்குச் சென்றோம்.

எதிர்பாராதது ஒன்று: நாங்கள் போனது வெள்ளிக்கிழமை, அன்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. இராமாயணச் சுவரோவியங்களைக் காண முடியவில்லை. முன்பே விசாரிக்காதது என் தவறு. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் மூடியிருக்கும் என்பதால், முற்பகலிலேயே அங்கே சென்றது நல்லதாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த அம்மா, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத அந்த நீல வெள்ளைச் சீன ஓடுகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். முழங்கால் வலி அப்போது மறந்துபோயிருக்க வேண்டும்.

மதிய ஓய்வுக்குப் பிறகு, கொச்சிக் கோட்டைக் கரையிலுள்ள சீன மீன்பிடி வலைகளின் அருகே அமர்ந்தோம். நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, எடைக்காகக் கட்டிய கற்கள் கீழிறங்க, வலை சொட்டச் சொட்ட மேலெழுந்தது. உள்ளே ஒரு கைப்பிடி மீன்தான்.

அரண்மனை, யூத ஆலயம் இரண்டையும் பார்க்க விரும்புவோர் ஞாயிறு முதல் வியாழன் வரை செல்லுங்கள்.