264 டேக் வந்த ரெக்கார்டுகளுக்கு டிஜிட்டல் தொகுப்பில் ஆண்டு வருவதில்லை, உதவி தேவை

நூலடுக்கு:

வணக்கம். எங்கள் நூலகக் கேட்டலாக் கோஹா என்ற மென்பொருளில் இருக்கிறது, ஸ்கேன் செய்த நூல்கள் டிஸ்பேஸ் என்ற டிஜிட்டல் தொகுப்பு மென்பொருளில். கோஹாவிலிருந்து மார்க் எக்ஸ்எம்எல் (எண் டேக்குகளால் ஆன நூல்விவர வடிவம்) எடுத்து, ஒரு எக்ஸ்எஸ்எல்டி கோப்பின் (உருமாற்ற விதிகள் கொண்டது) வழியாக டப்ளின் கோராக (எளிய விவர முறை) மாற்றி ஏற்றுகிறோம். அந்தக் கோப்பை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். ஓடிக்கொண்டே இருந்ததால் யாரும் அதைத் திறக்கவில்லை.

இப்போது வெளியிலிருந்து இறக்குகிற ரெக்கார்டுகள் பெரும்பாலும் ஆர்டிஏ என்ற புதிய கேட்டலாக் விதிமுறையில் வருகின்றன, வெளியீட்டு விவரம் 260 டேக்குக்குப் பதிலாக 264-இல் இருக்கிறது. அவற்றை ஏற்றினால் பதிப்பகமும் இல்லை, ஆண்டும் இல்லை; ஆண்டு ஃபில்டரில் அந்த நூல்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏஏசிஆர்2 என்ற பழைய விதிமுறையில் அமைந்த ரெக்கார்டுகள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. சோதனைக்கு 264-ஐயும் கோப்பில் சேர்த்துப் பார்த்தேன், ஒரே நூலுக்கு [1958], ©1958 என்று இரண்டு தேதிகள் விழுகின்றன. நூல் வகை ஃபில்டரில் "கம்ப்யூட்டர்" என்று ஒரு வகை முளைத்திருக்கிறது, அதைச் சொடுக்கினால் எல்லா மின்னூல்களும் வருகின்றன. பேசாமல் எல்லா ரெக்கார்டுகளையும் பழைய முறைக்கே மாற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நிரல்பித்தன்:

பழையதற்குத் திரும்பாதீர்கள், நாளைக்கு இறக்குகிற ரெக்கார்டும் 264-உடன்தான் வரும். உங்கள் எக்ஸ்எஸ்எல்டி 260-ஐ மட்டும் தேடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. மார்க் 21-இல் 264 சேர்ந்தது 2011-இல். அதற்கு முன்னால் எழுதிய கோப்புக்கு அப்படி ஒரு டேக் இருப்பதே தெரியாது.

மார்க் ரெக்கார்டுகளைத் திருத்தும் மார்க்எடிட் மென்பொருளில் ஆர்டிஏ ஹெல்பர் என்ற வசதி இருக்கிறது. பழைய ரெக்கார்டுகளை மொத்தமாக அதில் போட்டு 260 எல்லாவற்றையும் 264 ஆக்கிவிடுங்கள். அப்புறம் கோப்பில் 264-க்கு மட்டும் விதி எழுதினால் போதும், சுத்தமாக இருக்கும்.

பழைய கேட்டலாகர்:

மேலே சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. 260 என்பது ஒரே பைக்குள் எல்லாவற்றையும் திணித்த டேக்: வெளியீடு, விநியோகம், அச்சடித்த இடம், காப்புரிமை ஆண்டு எல்லாம் அதிலேயே கிடக்கும். 264-இல் டேக்கை அடுத்து வரும் இரண்டாவது இண்டிகேட்டர் எண்தான் இவற்றைப் பிரிக்கிறது. 0 என்றால் வெளியிடப்படாத ஒன்றின் உருவாக்கம், 1 வெளியீடு, 2 விநியோகம், 3 அச்சு அல்லது தயாரிப்பு, 4 காப்புரிமை ஆண்டு. பழைய ரெக்கார்டில் ஆண்டுக்கு முன்னால் சின்ன சி போட்டு சி1958 என்று இருந்தால் அது காப்புரிமை ஆண்டு, வெளியீட்டு ஆண்டு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதை 264-இல் 1 போட்டு வைத்தால் இல்லாத ஒரு தகவலை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள், அதை அப்புறம் யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. பழைய ரெக்கார்டுகள் அப்படியே இருக்கட்டும். இரண்டு முறையும் ஒரே கேட்டலாக்கில் சேர்ந்து வாழலாம், உலகத்தில் பெரும்பாலான கேட்டலாக்குகள் அப்படித்தான் இருக்கின்றன.

மாற்ற வேண்டியது கோப்பை. 264-இல் இரண்டாவது இண்டிகேட்டர் 1 ஆக இருந்தால் பதிப்பகமும் ஆண்டும் அதிலிருந்து. அது இல்லாவிட்டால் 260. இண்டிகேட்டர் 4-ஐ வெளியீட்டுத் தேதியோடு கலக்கவே கூடாது, டப்ளின் கோரின் விரிந்த சொற்களில் காப்புரிமைத் தேதிக்கென்றே தனி இடம் இருக்கிறது, அங்கே போகட்டும். உங்களுக்கு இரண்டு தேதிகள் விழுவது இதனால்தான்.

நூலடுக்கு:

நன்றி சார், இண்டிகேட்டர் விஷயம் புரிந்தது, கோப்பில் அந்த விதியை எழுதிவிட்டேன், ©1958 தனியாகப் போய்விட்டது. ஆனால் [1958] அடைப்புக்குறியோடு போவதால் டிஸ்பேஸின் ஆண்டு ஃபில்டர் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடைப்புக்குறியை நீக்கிவிடலாம் என்று பார்த்தால் [1950-க்கும் 1959-க்கும் இடையில்?] என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமே எழுதியிருக்கிற ரெக்கார்டுகள் இருக்கின்றன. பழைய ரெக்கார்டுகளில் இதுவே [195-?] என்று இருக்கிறது. இவற்றை என்ன செய்வது?

பழைய கேட்டலாகர்:

அந்த வாக்கியம் ஆர்டிஏ கேட்பதுதான். [195-?] என்று சுருக்கி எழுதினால் வாசகருக்குப் புரியாது, விரித்து எழுது என்பது அதன் போக்கு. மனிதருக்கு நல்லது, ஃபில்டருக்குத் தலைவலி. அதனால் ஃபில்டருக்கான ஆண்டை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

ஒரு ரெக்கார்டைத் திறந்து 008 என்ற டேக்கைப் பாருங்கள். நாற்பது எழுத்துகள் வரிசையாக இருக்கும், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். 06-ஆம் இடத்தில் ஓர் எழுத்து, அது தேதியின் வகை. 07 முதல் 10 வரை முதல் ஆண்டு, 11 முதல் 14 வரை இரண்டாவது ஆண்டு. அடைப்புக்குறி, புள்ளி, © எதுவும் கிடையாது. உங்கள் [1958] நூலுக்கு 06-இல் டி (t) இருக்கும், 07-இலிருந்து 1958, 11-இலிருந்து மறுபடியும் 1958, அதாவது வெளியீட்டு ஆண்டும் காப்புரிமை ஆண்டும். அந்த 'இடையில்' ரெக்கார்டில் 06-இல் க்யூ இருக்கும், 1950, 1959 என்று இரண்டு எல்லைகளும் இருக்கும். ஃபில்டருக்கும் வரிசைப்படுத்தவும் 008, திரையில் காட்ட 264. முப்பது வருடம் முன்னால் யாரோ பொறுமையாக நிரப்பி வைத்த அந்தக் கட்டங்களுக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். 06-இல் ஆர் இருந்தால் அது மறுபதிப்பு, முதல் ஆண்டு மறுபதிப்பினுடையது, இரண்டாவது மூலப் பதிப்பினுடையது. எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்தது, பழைய டெம்ப்ளேட்டை நகலெடுத்து நகலெடுத்து உருவாக்கிய ரெக்கார்டுகளில் 008 பொய் சொல்லும். 264 அல்லது 260-இல் உள்ள நான்கு இலக்கங்களோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் ஒரு சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் எடுத்து மனிதர் ஒருவர் பார்க்கட்டும். இதைத் தானாகத் திருத்த முயலாதீர்கள்.

இரவுப்பணி:

'கம்ப்யூட்டர்' வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்பு தலைப்புக்குப் பக்கத்திலேயே, 245 டேக்கின் ஹெச் என்ற சப்ஃபீல்டில் (உட்பிரிவில்), 'மின்னணு வளம்' என்று சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மூன்று டேக் கொண்டுவந்தார்கள். 336 உள்ளடக்கம் என்ன, 337 அதைப் படிக்க என்ன கருவி வேண்டும், 338 எந்த வடிவில் கிடைக்கிறது. ஒரு மின்னூலுக்கு இவை டெக்ஸ்ட், கம்ப்யூட்டர், ஆன்லைன் ரிசோர்ஸ் என்று வரும். உங்கள் கோப்பில் யாரோ மூன்றையும் டப்ளின் கோரின் டைப் (வகை) என்ற கட்டத்துக்குள் ஊற்றியிருக்கிறார்கள். 336 மட்டும் டைப்புக்குப் போகட்டும், 338 ஃபார்மட்டுக்குப் போகலாம், 337-ஐ விட்டுவிடுங்கள். 'கம்ப்யூட்டர்' என்ற நூல் வகையைத் தேடி எந்த வாசகரும் வரப்போவதில்லை.

அப்புறம் ஒன்று, தமிழ் போன்ற ரோமன் அல்லாத எழுத்தில் உள்ள நூல்கள் இருந்தால் 880 டேக்கையும் பாருங்கள். மூல எழுத்தில் உள்ள பதிப்பகப் பெயர் அங்கேதான் இருக்கும், 6 என்ற சப்ஃபீல்டில் அது 260-க்கா 264-க்கா என்று எழுதியிருக்கும். பழைய கோப்பு 260-ஐ மட்டும் எதிர்பார்த்தால் இங்கேயும் ஆர்டிஏ ரெக்கார்டுகள் விழுந்துபோகும்.

நூலடுக்கு:

வகை ஃபில்டர் சரியாகிவிட்டது! 008-இலிருந்து ஆண்டு எடுப்பதும் வேலை செய்கிறது. இன்னொரு கூட்டம் மட்டும் மிச்சம், 1912-இல் வந்த நூல் 2015 என்று காட்டுகிறது. 008-உம் 264-உம் 2015 என்றே சொல்வதால் பொருந்தாதவை பட்டியலிலும் இது வரவில்லை. அந்த வருடம்தான் ஸ்கேன் செய்தது.

பழைய கேட்டலாகர்:

அந்த ரெக்கார்டு பிழை இல்லை. ஆர்டிஏ-வைக் கறாராகப் பின்பற்றினால் கையில் இருக்கிற பொருளைத்தான் விவரிக்க வேண்டும், கையில் இருப்பது 2015-இன் மின்பிரதி. வழிமுறை இதுதான்: ரெக்கார்டில் 534 இருந்தால் 264 பிரதியைப் பேசுகிறது, மூல நூலின் வெளியீட்டு விவரம் 534-இன் சி சப்ஃபீல்டில் இருக்கும். 533 இருந்தால் தலைகீழ், 264 மூல நூலுடையது, 533-இன் டி (d) சப்ஃபீல்டில் பிரதி எடுத்த ஆண்டு. இரண்டும் இல்லாமல், வேறு வடிவப் பதிப்போடு இணைக்கும் 776 இருந்தால் அதன் டி-யைப் (d) பாருங்கள், இணைந்த பதிப்பின் ஆண்டு அங்கே இருக்கக்கூடும். வாசகருக்குக் காட்டும் வெளியீட்டு ஆண்டு 1912 ஆகவே இருக்கட்டும். ஸ்கேன் செய்த தேதி பிரெமிஸ் போன்ற, மின்கோப்புகளைப் பேணுவதற்கான மெட்டாடேட்டாவுக்கு (விவரத் தரவுக்கு) உரியது.

நிரல்பித்தன்:

260-ஐ மாற்றச் சொன்னதை விட்டுவிடுகிறேன், சி1958 வாதம் நியாயமானது. ஆனால் ஏற்கெனவே டிஸ்பேஸில் ஏறியவற்றைத் திருத்தும்போது ஒரு விஷயம். டேட்டாபேஸில் நேராகக் கை வைக்காதீர்கள், மெட்டாடேட்டாவை சிஎஸ்வி-யாக இறக்கித் திருத்தித் திரும்ப ஏற்றுங்கள். அப்போதுதான் கடைசியாக மாறிய தேதி புதுப்பிக்கப்படும், ஓஏஐ என்ற பகிர்வு நெறிமுறை வழியாக உங்கள் விவரங்களை அறுவடை செய்கிற (திரட்டிக்கொள்கிற) பிற தளத்தினர் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் எது மாறியது என்று அறிவார்கள். இல்லாவிட்டால் உங்கள் தளத்தில் 1912, அவர்கள் தளத்தில் 2015 என்று ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஏற்றிய பிறகு தேடல் இன்டெக்ஸ், ஓஏஐ இன்டெக்ஸ் இரண்டையும் ஓட்டுங்கள், இரண்டும் தனித்தனி.

நூலடுக்கு:

சரி, முதலில் ஒரு சிறிய தொகுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகிறேன். 534, 533 இரண்டுமே இருக்கிற ரெக்கார்டுகளும் சில தென்படுகின்றன, அவற்றையும் பொருந்தாதவை சிஎஸ்வி-யில் சேர்த்துவிட்டேன். மாற்றிய எக்ஸ்எஸ்எல்டி கோப்பை இங்கே பகிர்கிறேன், யாருக்காவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.