17 பிள்ளைகளுக்கு ஒரு எல்.கே.ஜி. தேவையா?

கணக்குப்பிள்ளை:
திருப்பூர் பக்கம் எங்கள் ஊர். அரசு நடுநிலைப் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டும் சேர்த்து இந்த வருடம் 17 பேர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "பேசாமல் அங்கன்வாடியோடு சேர்த்துவிடலாமே" என்றேன். சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் சொன்னதில் என்ன தப்பு? 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். இப்போது பிறப்பே குறைந்துவிட்டது. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?

முக்குக்கடை:
காலை எட்டு மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள் சார். மூன்றரை வயசுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு, தூக்கம் கலையாமல் மஞ்சள் வேனில் ஏறும். அதுவும் உங்கள் ஊரில் பிறந்ததுதானே? பிறப்பு குறைந்தால் வேனும் குறைந்திருக்க வேண்டுமே.

கணக்குப்பிள்ளை:
அது பெற்றோர் விருப்பம். கட்டாயப்படுத்தி இழுத்து வர முடியுமா?

பழைய டீச்சர்:
விருப்பம் சும்மா மாறவில்லை சார். 2019இல் 'உபரி' என்று சொல்லி இந்த வகுப்புகளுக்கு அனுப்பப்பட்ட இடைநிலை ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. எனக்கே முதலில் கோபம்தான். மூன்று வயசுப் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கவா ஆசிரியர் பயிற்சி படித்தோம் என்று இருந்தது. அப்புறம் பிடித்துவிட்டது. 2022 ஜூனில் எங்களைத் திரும்ப ஒன்றாம் வகுப்புப் பக்கம் அழைத்துக்கொண்டார்கள், இனி எல்.கே.ஜி. அங்கன்வாடியோடு சரி என்றார்கள். எதிர்ப்பு வந்ததும், இல்லை, பள்ளியிலேயே நடக்கும் என்றார்கள். பிறகு 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் நிற்பார்கள்? பனியன் கம்பெனியில் செக்கிங் போனால் கூடக் கிடைக்கும். "டீச்சர் யாரு?" என்று கேட்கும் அம்மாவுக்குப் பதில் இல்லையென்றால் அவள் வேனைத்தான் பார்ப்பாள்.

ரெண்டு பிள்ளைக்காரி:
நான் பார்த்தேன் டீச்சர். பெரியவன் அரசுப் பள்ளி எல்.கே.ஜி.யில் படித்தவன். சின்னவளுக்கு ஆர்.டி.இ., அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது, அனுப்பிவிட்டேன். கட்டணத்தை அரசே கட்டுகிறது, ஆனால் வேன், யூனிஃபார்ம், புத்தகம் எல்லாம் என் தலையில். அரசுப் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையை அரசே காசு கொடுத்து வெளியே அனுப்புகிற மாதிரி எனக்கே தோன்றும். அதற்காகக் கிடைத்த இடத்தை விடுவேனா?

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா! நீங்களே அனுப்பிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது யார்? பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். பதிவேட்டில்தான் 17. தீபாவளி கழித்து வந்து எண்ணுங்கள், பத்து தேறாது. கல்வித்துறையின் ஆன்லைன் பதிவான எமிஸில் மட்டும் 17 அப்படியே நிற்கும்.

பழைய டீச்சர்:
ரயில் ஏறினால் பொங்கல் கழித்துத்தான் வருவார்கள், சில குடும்பம் வராமலே போகும், உண்மைதான். என் வகுப்பில் ஒரு ஒடிசாப் பையன். இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. முதலில் பேசிய தமிழ், "டீச்சர், ஒண்ணுக்கு". வகுப்பே கைதட்டியது. தையல் மிஷினில் இருக்கும் அம்மாவும் லோடு ஏற்றும் அப்பாவும் அவனை வேறு எங்கே விடுவார்கள்? வருடா வருடம் தனியாருக்குப் பிள்ளைகள் போகப் போக, போக வழியில்லாதவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அதைக் காட்டி வகுப்பையும் எடுத்துவிடலாம் என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எடுக்கச் சொல்லவில்லை டீச்சர், சேர்க்கச் சொல்கிறேன். அங்கன்வாடியில் சோறும் முட்டையும் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது.

முக்குக்கடை:
அந்த ஆளுக்குச் சத்துமாவு, எடை, தடுப்பூசி, பதிவேடு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. 'அ' எப்போது சொல்லிக்கொடுப்பது?

ரெண்டு பிள்ளைக்காரி:
சோறு என்றதும் ஒன்று. காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத்தான். பெரியவன் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்.கே.ஜி. தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் தட்டில் பொங்கல் விழும், தம்பி பெயர் கணக்கில் இல்லை. பாதியை அவனுக்குத் தள்ளிவிட்டு, சமைக்கும் அக்கா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பாள். அக்கா பார்க்காத மாதிரி இன்னொரு கரண்டி வைப்பாள்.

கணக்குப்பிள்ளை:
சரி, இதை அடுத்த கூட்டத்தில் நானே எழுப்புகிறேன். ஆனால் 17 பேருக்குத் தனி டீச்சர் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய டீச்சர்:
கூட்டத்தைத் தீபாவளிக்கு முன்னாடியே வையுங்கள் சார். 17 பேரின் அம்மாக்களும் ஊரில் இருப்பார்கள்.