கறிக்கோழித் தீவனத்தில் அரிசி டி.டி.ஜி.எஸ்.: சோயாவில் பாதியைக் குறைக்கலாமா?

பல்லடத்துப் பண்ணையாளர்:
எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தமில்லாமல் சொந்தப் பொறுப்பில் 3,000 கறிக்கோழிகள் வளர்க்கிறேன். தீவனத்தையும் நானே அரைத்துக் கலக்கிறேன். எத்தனால் ஆலையில் அரிசியின் மாவுச்சத்து எரிசாராயமாக மாறிய பின் எஞ்சும் சக்கையை உலர்த்தி டி.டி.ஜி.எஸ். என்று விற்கிறார்கள். அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு புரதம் இருக்கிறது. சோயா புண்ணாக்கிலும் அவ்வளவுதான், விலையோ சோயாவைவிடக் குறைவு. 2021இல் சோயா விலை ஏறி, அரசே 12 லட்சம் டன் புண்ணாக்கு இறக்குமதிக்கு அனுமதி தர வேண்டியிருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியிருக்க, சோயாவில் பாதியை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் என்ன தவறு?

தீவனக் கலப்பாளர்:
ஆய்வுச் சீட்டில் எழுதியிருக்கும் புரதம் முழுவதும் கோழியின் உடம்பில் ஒட்டுவதில்லை, ஐயா. ஆறு வாரத்துக்குள் 2 கிலோ எடையைத் தாண்ட வேண்டிய கோழிக்குப் புரதத்தின் அளவைவிட அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் முக்கியம். சோயாவில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் அரிசிச் சக்கையில் இருக்கிறது. பாதிக்குப் பாதி மாற்றினால் தீவனச் செலவு குறையும், எடையும் கூடவே குறையும்.

பல்லடத்துப் பண்ணையாளர்:
குறையும் லைசினை மூட்டையில் வாங்கிச் சேர்க்கலாமே! தீவன ஆலைகள் அதைத்தானே செய்கின்றன?

தீவனக் கலப்பாளர்:
எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் சேர்க்கலாம், சிக்கலே அங்குதான். ஒரே ஆலையிலிருந்து ஒரே லாரியில் எனக்கு வந்த இரண்டு மூட்டைகளில் ஒன்று பொன்னிறமாக இருந்தது. மற்றொன்று காப்பித்தூள் நிறத்தில், வெல்லம் தீய்ந்த வாடையோடு இருந்தது. உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் இருக்கிற லைசினும் செரிக்காததாகிவிடும், ஆனால் புரத அளவைக் காட்டும் சீட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வேறு இருக்கிறது. மாவுச்சத்து வெளியேறினாலும் அந்த நச்சு வெளியேறாது, ஆகவே மூல தானியத்தில் இருந்ததைப் போலப் பல மடங்கு செறிவில் சக்கையில் தங்கிவிடுகிறது.

ஒப்பந்தப் பண்ணைக்காரர்:
நீங்களாவது எதைக் கலக்கலாம் என்று வாதிடுகிறீர்கள். எங்களுக்குக் குஞ்சும் தீவனமும் நிறுவனத்து வண்டியில் வந்து இறங்குகின்றன. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வழியில்லை, ஆனால் தீவன மாற்றுத் திறன், அதாவது தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறுவது, கெட்டால் வளர்ப்புக் கூலியில் பிடித்தம் மட்டும் எங்கள் தலையில் விழுகிறது.

நொய் வாங்குபவர்:
சோயாவுக்குப் பதில் மக்காச்சோளத்தைக் குறைக்கப் பாருங்கள் என்பேன். உடைந்த அரிசியான குருணை எரிசக்தியில் அதற்கு நெருங்கி வருகிறது. நான் சேர்த்தபோது எடை குறையவில்லை. ஆனால் மக்காச்சோளத்தில் உள்ள மஞ்சள் நிறமி குருணையில் இல்லாததால் கோழியின் கால் வெளுத்துப்போக, வியாபாரி சீக்குக் கோழி என்று சொல்லி விலையைக் குறைத்தார். அரிசித் தவிட்டை மட்டும் வாங்கிக் குவிக்க வேண்டாம்; அரைத்த சில நாள்களிலேயே எண்ணெய் சிக்குப்பிடித்துவிடும்.

பல்லடத்துப் பண்ணையாளர்:
பாதி என்ற பேச்சைக் கைவிடுகிறேன், டி.டி.ஜி.எஸ்.ஸைக் கைவிடவில்லை. அடுத்த தொகுதியில் கொட்டகையின் ஓரத்தை வலையால் தடுத்து, 200 கோழிகளுக்கு மட்டும் 22ஆம் நாளிலிருந்து 5 விழுக்காடு கலந்து, வாரந்தோறும் எடை போட்டு எழுதுகிறேன். குஞ்சுகளுக்குக் கொடுக்கும் தொடக்கத் தீவனத்தில் கை வைக்கமாட்டேன்.

தீவனக் கலப்பாளர்:
அது நியாயம். மூட்டைகள் ஒரே லாட்டாக இருக்கட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் நச்சுச் சோதனை முடிவு வந்த பிறகு அரையுங்கள். மிச்சமான பணத்தைச் சொல்லும்போது, லைசினுக்கும் சோதனைக்கும் கொடுத்ததையும் மறக்காமல் கழித்துச் சொல்லுங்கள்.