சங்குப்பூ இலையிலுள்ள பெப்டைடு சீழ்க்கட்டியை ஆற்றுமா?

கேள்வி (பாலக்கோடு)
அனைவருக்கும் வணக்கம். பட்டுப்புழுக்களுக்காக மல்பெரித் தழை வெட்டும் என் தந்தையாரின் முன்கையில் விழுந்த கீறல் ஒன்று, இப்போது நெல்லிக்காய் அளவுக் கட்டியாகி, நடுவில் மஞ்சளாகச் சீழ் கோத்து நிற்கிறது. வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடியின் இலையை அரைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார் பாட்டி. அக்கொடியில் பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதச் சங்கிலிகள்) இருப்பதாக நானும் படித்தேன். பற்று மட்டும் போதுமா? இலையைக் கொதிக்க வைத்தால் பெப்டைடு கெட்டுவிடுமா?

மறுமொழி 1 (கிருஷ்ணகிரி, உயிர்வேதியியல் ஆசிரியர்)
தாங்கள் படித்தது உண்மையே. அவற்றுக்குச் சைக்ளோடைடு என்று பெயர். ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் தலையும் வாலும் இணைந்து வளையமாகி, மூன்று கந்தகப் பிணைப்புகளால் முடிச்சிடப்பட்டிருப்பதால், கொதித்தாலும் அவை எளிதில் சிதைவதில்லை. காங்கோ நாட்டுப் பெண்கள் பிரசவத்தை விரைவுபடுத்தக் குடித்த செடிக் கஷாயத்திலிருந்துதான் இவ்வகையின் முதல் பெப்டைடே கண்டறியப்பட்டது. ஆனால், 2011-இல் சங்குப்பூவிலிருந்து பிரித்தெடுத்தவை ஆய்வகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொன்றன என்பதை வைத்து, தோல் கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவையும் கொல்லும் என்று முடிவுகட்ட இயலாது. அதன் செல்சுவரின் அமைப்பே வேறு. இத்தகைய பெப்டைடுகள் பாக்டீரியாவின் செல்சவ்வையே துளைப்பதால் அவற்றை எதிர்க்கும் திறன் பாக்டீரியாவில் உருவாவது கடினம் என்பதே எங்களைப் போன்றோரின் நம்பிக்கை. எனினும் அதே சங்குப்பூப் பெப்டைடுகள் மனிதப் புற்றுச் செல்களையும் கொன்றன. எந்த அளவில் நம் நல்ல செல்களைக் காயப்படுத்தும் என்பதை அளந்தறியாமல் மருந்தாக்க முடியாது. அரைத்த விழுதில் எவ்வளவு இருக்கிறதென்று யார் அளந்தார்கள்?

மறுமொழி 2 (அரூர், செவிலியர்)
ஐயா, சீழ் கோத்துவிட்ட கட்டிக்கு மேற்பூச்சு எதுவாயினும் உள்ளே எட்டாது. மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதே முதல் சிகிச்சை. தயவுசெய்து வீட்டில் பிதுக்க வேண்டாம். வேலி இலையோடு மண் ஒட்டியிருந்தால் இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியும் கூடவே வரலாம் என்பதால் பற்றையும் தவிருங்கள். தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, கட்டியைச் சுற்றிய சிவப்பு கைமேல் ஏறினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. தந்தையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாளை காலைத் தழையை நான் வெட்டிக்கொள்கிறேன். அவரை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன்.