ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை, அவசரம்

பேச்சிப்பாறை லோடு:
சுவிட்சைத் திருப்பினால் டேஷ்போர்டில் லைட் வருகிறது, முன் சக்கரம் மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது. எஸ்டேட் சாலை முழுக்கச் சேறு, ரப்பர் ஷீட் லோடு மேலேயே கிடக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வேக்குவம் (ஹப்பைப் பூட்டும் காற்று உறிஞ்சல்) லீக் என்கிறார்கள், முன் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு பூட்டும் இரண்டு ஹப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். லீக் எங்கே என்று எப்படிப் பார்ப்பது?

மார்த்தாண்டம் ஸ்பேனர்:
என்ன வண்டி, எந்த வருஷம்? டீசலா? இரண்டு பக்கமும் பிடிக்கவில்லையா, ஒரு பக்கம் மட்டுமா?

முட்டம் உப்புக்காற்று:
இன்ஜின் விசையை முன்பக்கத்துக்கும் திருப்பிவிடும் டிரான்ஸ்பர் கேஸ் மோட்டார்தான், சந்தேகமே இல்லை. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பிடித்திருக்கும்.

மார்த்தாண்டம் ஸ்பேனர்:
அண்ணே, லைட் வருகிறது என்கிறாரே. அப்படியானால் மோட்டார் தன் வேலையை முடித்துவிட்டது. ஹப் பிடித்ததா இல்லையா என்று அந்த லைட்டுக்குத் தெரியாது.

டீசல் தாத்தா:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது. பழையதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, டீசல் என்றால் வேக்குவத்துக்குத் தனி பம்ப். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கும் அதுதான். பெடல் இறுகியிருக்கிறதா? முதலில் அதைச் சொல்.

பேச்சிப்பாறை லோடு:
டீசல், 2013. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கம்பெனி பேர் வேண்டாம், சண்டை வரும்.

நாகர்கோவில் நட்டு:
குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும்.

டீசல் தாத்தா:
வேக்குவம் உள்ளே இழுக்கும், ஊதாது. குமிழி எங்கிருந்து வரும்?

மார்த்தாண்டம் ஸ்பேனர்:
பிரேக் சரி என்றால் பம்பை விடுங்கள். சமதளத்தில் பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஃபோர் வீல் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அணைத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஆக்ஸில் ஷாஃப்டும் கூடவே சுற்றினால் அந்த ஹப் பிடித்திருக்கிறது. ஒரு ஹப் பிடிக்காவிட்டாலே போதும், இரு பக்கமும் சுற்றைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் அதையெல்லாம் அந்தச் சும்மா கிடக்கும் ஷாஃப்டுக்குக் கொடுத்துவிடும், நல்ல பக்கமும் இழுக்காது. அதனால் இரண்டையும் மாற்றக் கிளம்பாதீர்கள்.

அப்புறம் கேஜ் வைத்த கை வேக்குவம் பம்ப் ஒன்று இரவல் வாங்குங்கள். சக்கரத்துக்குப் பின்னால் குழாயை உருவி, ஹப் பக்கத்து முனையில் மாட்டி, கேஜில் 15 இஞ்ச் (பாதரச அளவு) வரை இழுங்கள். முள் சட்டென்று விழுந்தால் லீக் உள்ளே: ஹப் மூடியின் ஓ ரிங் (ரப்பர் வளையம்), அல்லது பேரிங் பக்கத்து சீல். சில வண்டிகளில் வேக்குவம் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடும், அவற்றில் முள் மெதுவாக இறங்குவது கோளாறு இல்லை. ஹப் தாங்கினால் குழாயின் மறுமுனையை அடைத்து இழுத்துப் பாருங்கள். அப்போது ஸ்டியரிங்கை இரண்டு ஓரத்துக்கும் திருப்ப வேண்டும், வளையும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும். குழாயும் சரியென்றால், வேக்குவத்தைத் திறந்துவிடும் மின் வால்வான சொலினாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

முட்டம் உப்புக்காற்று:
இவ்வளவு பாடு எதற்கு? மேனுவல் ஹப் போடுங்கள். இறங்கித் திருப்பினால் முடிந்தது.

நாகர்கோவில் நட்டு:
கீரிப்பாறை மழையில் நீ இறங்கித் திருப்பு மக்கா, அட்டை கால் வழியே ஏறி வரும்.

முட்டம் உப்புக்காற்று:
அட்டைக்குப் பயந்தவனுக்கு எதற்கு ஃபோர் வீல்? கிளம்பும் முன் வீட்டிலேயே திருப்பிவிட்டுப் போ.

நாகர்கோவில் நட்டு:
வீட்டிலிருந்தே ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு போனால் டீசலை யார் ஊற்றுவது?

பேச்சிப்பாறை லோடு:
இடது ஹப்பில் முள் நிற்கவே இல்லை. வலது தாங்குகிறது, குழாய் சரி. சீல் மாற்றக் கொடுத்திருக்கிறேன். நன்றி.

மார்த்தாண்டம் ஸ்பேனர்:
எந்த சீல்? மூடியின் ஓ ரிங்கா, பேரிங் பக்கமா?

டீசல் தாத்தா:
ஆள் போயாச்சு. பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாரா? ஆட்டம் இருந்தால் புது சீல் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.