பாஸ்வேர்டு போட்ட ஜிப்போட ஜிஎஸ்டி மெயில்: திறக்கலாமா?

கீழமாசிவீதி_கடை:
மளிகை மொத்தக் கடை, விண்டோஸ் 11. ‘ஜிஎஸ்டி நோட்டீஸ்’னு மெயில், கூடவே ஜிப். பாஸ்வேர்டும் மெயில்லயே இருக்கு. ஆன்டிவைரஸ் ஒண்ணும் சொல்லல. திறக்கலாமாண்ணே?

வைகைக்கரை:
வேண்டாம்ணே. பூட்டின ஜிப்புக்குள்ள ஆன்டிவைரஸால பார்க்க முடியாது. பாஸ்வேர்டு போட்டதே அதுக்குத்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் பண்ணி வைங்க. இல்லேன்னா ‘நோட்டீஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ங்கிற புரோகிராம் ஃபைல் வெறும் ‘நோட்டீஸ்.பிடிஎஃப்’னுதான் தெரியும். ஐகானும் பிடிஎஃப் மாதிரியே வச்சிருப்பான்.

டேலி_தம்பி:
நோட்டீஸ் நிசமான்னு ஜிஎஸ்டி போர்ட்டல்லயே பாருங்க: சர்வீசஸ், யூசர் சர்வீசஸ், வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ். மெயில் லிங்க்ல போகாதீங்க, முகவரிய நீங்களே அடிங்க.

வைகைக்கரை:
தெரியாம கிளிக் பண்ணியிருந்தா முதல்ல நெட்டைப் பிடுங்குங்க. பேக்கப் டிஸ்க்கைச் சொருகவே கூடாது, வைரஸ் அதையும் பூட்டிரும். விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்க. பாஸ்வேர்டெல்லாம் வேற மெஷின்ல மாத்துங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க.