திறமூலமாக வெளியிடுமுன் உரிமங்களைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் நிரலாளராகப் பணிபுரியும் நான், ஓய்வு நேரத்தில் எழுதிய தமிழ்ச் சொற்பிழை திருத்தியைத் திறமூலமாக (மூல நிரலை எவரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தும்படி) வெளியிட விரும்புகிறேன். அதில் அப்பாச்சி 2.0 உரிமம் கொண்ட ஒரு நிரலகமும் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு), ‘ஜிபிஎல் 2 மட்டும்’ (ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பு மட்டும்) என்று குறிக்கப்பட்ட மற்றொன்றும் உள்ளன. முழுவதையும் கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில் வெளியிடலாமா?

மறுமொழி 1:
இயலாது. ஜிபிஎல் நிரலகத்தோடு இணைத்து வழங்கும் முழு மென்பொருளும் ஜிபிஎல்லின் கீழ் வர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அப்பாச்சி 2.0 உரிமத்தின் காப்புரிமை (பேடன்ட்) தொடர்பான விதிகள் ஜிபிஎல் 2-இல் இல்லாத கூடுதல் கட்டுப்பாடுகளாக இருப்பதால், இவ்விரண்டும் ஒத்துப்போகா என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007-இல் வந்த ஜிபிஎல் 3-உடன் அப்பாச்சி 2.0 ஒத்துப்போகும். ‘2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்றிருந்தால் ஜிபிஎல் 3-ஐத் தேர்ந்து தப்பித்திருப்பீர்கள். ‘மட்டும்’ என்பதால் மாற்று நிரலகம் தேடுவதே நல்லது.

மறுமொழி 2:
அதற்கும் முன்னால், நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, ஊழியர் தம் பணியின்போது உருவாக்கும் படைப்பின் உரிமை முதலாளியையே சேரும். ஓய்வு நேரத்தில் எழுதியது உங்களுக்குச் சாதகமே. ஆனால் வேலை ஒப்பந்தங்கள் சில அதையும் வளைத்துப்போடும். நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

மறுமொழி 3:
உங்கள் திருத்தி பயன்படுத்தும் சொற்பட்டியல் எங்கிருந்து வந்தது? உரிமக் குறிப்பே இல்லாத கோப்பை எவரும் எடுத்தாளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அனுமதி தரப்படவில்லை என்றே அதற்குப் பொருள்.